குசினியில் சைக்கிள் நிற்கும் வீடு

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டில் இருக்கும் எங்கள் வீடு 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஏறத்தாழ 550 சதுர அடி. வாசல் வடக்கு. மேற்குப் பக்கம் கூடம், அதற்குப் பின்னால் தென்மேற்கு மூலையில் குசினி. கிழக்குப் பக்கம் இரண்டு அறைகள். நாங்கள் ஆறு பேர். நானும் கணவரும் சின்ன மகனும் ஓர் அறையில், மாமியும் இரண்டு மகள்மாரும் மற்ற அறையில் படுக்கிறோம். மாமிக்கு வயது 74, முழங்கால் நோவு. மலசலகூடம் வீட்டுக்குத் தென்மேற்கே 40 அடி தள்ளி இருக்கிறது. கிணறு வடகிழக்கில். மூத்தவள் அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறாள், படிக்க இடமில்லை. நெல்லும் கச்சானும் கூடத்தில் மூட்டையாகக் கிடக்கின்றன. குசினிக்குள் சமைத்தால், தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் வீடு முழுவதும் புகை. அதனால் வெளியே கொட்டிலில் சமைக்கிறேன். குசினியில் சைக்கிளும் உரப்பைகளும் நிற்கின்றன. கனடாவில் இருக்கும் அண்ணா 20 இலட்சம் தருவதாகச் சொல்லி ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். அதில் குசினியும் கூடமும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன, மேற்கே சுவரளவு கண்ணாடி, மேலே ஓட்டுக்குப் பதிலாகப் பிளாட், அதாவது தட்டையான கொங்கிறீற் கூரை. மேசன், பின்னால் இரண்டு அறை ஒட்டினால் போதும் என்கிறார். சாத்திரி, அக்கினி மூலையை விட்டு வேறெங்கும் அடுப்பு வைக்கக்கூடாது என்கிறார். திறந்த குசினி எங்கள் சமையலுக்குச் சரிவருமா என்று எனக்கு ஐயம். குரங்குகளும் கூரை ஓட்டைப் புரட்டுகின்றன. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் அனுப்பிய கைப்படமும் வீட்டின் ஒளிப்படங்களும் கிடைத்தன. கைப்படம் நன்றாக இருக்கிறது. கிணற்றையும் வேப்ப மரத்தையும் மறக்காமல் குறித்திருக்கிறீர்கள், என்னிடம் வரும் படங்களில் பாதியில் கிணறே இருக்காது.

குசினியில் சைக்கிள் நிற்பதாகச் சற்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றுக்குள் போயிருக்கிறேன். குசினி என்று படத்தில் எழுதிய இடத்தில் சைக்கிள், தண்ணீர் மோட்டர், மருந்தடிக்கும் தாங்கி, ஒரு வீட்டில் அடைகாக்கும் கோழி. அடுப்பு மட்டும் வெளியே கொட்டிலில். போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் நடந்த அந்தத் திட்டத்தில், 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்த சனத்துக்கு அந்தக் காசில் பூட்டக்கூடிய கதவும் ஓடு போட்ட கூரையும் வந்ததே பெரிய காரியம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சதுரப் பெட்டிக்குள் ஒரு முழு வளவையும் மடித்து வைக்கப் பார்த்தார்கள். அங்கேதான் உங்கள் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது.

உங்கள் மாமியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த வளவில் ஒரே கட்டடம் இருந்திருக்காது. படுக்கவும் பெட்டகம் வைக்கவும் மண்சுவர் வைத்த வீடு ஒன்று. சமைக்க அடுக்களை தனியாக. வந்தவர்கள் இருக்கவும், பெட்டி கடகம் இழைக்கவும், மத்தியான வெயிலில் சரியவும் பக்கங்கள் திறந்த மால். நெல்லுக்கு வேறோர் இடம். நடுவில் முற்றம். இவற்றில் சுவர் வைத்து அடைத்த இடம் மிகக் குறைவு, கூரை போட்ட நிழல்தான் கூட. உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. முன் விறாந்தை ஆறடி கூட இல்லை, மிச்சம் எல்லாம் சுவர். ஆகவே அண்ணாவின் காசை இன்னும் நாலு சுவர் எழுப்பக் கொடுக்காமல் முதலில் ஒரு மால் போடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எங்கே, எப்படி என்ற கணக்கு.

முதலில் அண்ணாவின் படம். அவர் அன்போடு அனுப்பியிருக்கிறார், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது குளிரிலிருந்து தப்பக் கட்டிய வீடு. அங்கே வெயிலை உள்ளே இழுக்கக் கண்ணாடி வைக்கிறார்கள். முத்தையன்கட்டில் ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் உச்சியிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டிலும் சூரியன் உயரத்தில் நிற்பதால் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் மூன்றடித் தாழ்வாரம் காப்பாற்றிவிடும். பின்னேரம் நாலு மணிக்கு மேற்கே தாழ்ந்து வரும் வெயிலைத் தாழ்வாரத்தால் தடுக்க முடியாது, அது யன்னலுக்குள் நேராக நுழையும். அந்தப் பக்கம் சுவரளவு கண்ணாடி வைத்தால், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் கூடத்தில் இருக்கமாட்டார்கள்.

பிளாட்டும் அப்படித்தான். பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீற் இரவு பத்து மணிக்கும் கீழே சூட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். மேலே மாடி கட்டும் எண்ணம் உண்மையாக இருந்தால் பிளாட் போடலாம். அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் பழைய அத்திவாரம் மாடியைத் தாங்கப் போட்டதல்ல.

திறந்த குசினியைப் பற்றி நீங்களே ஐயப்பட்டிருக்கிறீர்கள், ஐயம் சரி. செத்தல் மிளகாய் வறுத்தால் தெருவில் போகிறவரே தும்முகிற சமையல் நம்முடையது. அதோடு, 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே. அன்று விறகடுப்பு வைத்திருந்த வீட்டில் சோறு வெந்தது. விறகடுப்புக்கு இடம் இல்லாத வீட்டுப் படத்தை அதன் பிறகு நான் கீறிக் கொடுத்ததில்லை.

மேசன் சொல்வதில் பாதி சரி. பின்பக்கம், அதாவது தெற்கே, வளர்ப்பதுதான் உங்கள் வளவுக்குப் பொருத்தம். கிணறும் படலையும் முன்னால் இருக்கின்றன, வளவின் நீளமும் பின்னால்தான். ஆனால் ஒட்டக்கூடாது. பின்சுவரோடு ஒட்டி இரண்டு அறை போட்டால் இப்போதுள்ள குசினிக்கும் பின் அறைக்கும் தெற்கு யன்னல் அடைபடும். நடுவில் அகப்பட்ட அறைகளில் பகலிலும் மின்குமிழ் எரியும். இன்னொன்று, 10 வருடம் இறுகிய அத்திவாரத்தோடு புது அத்திவாரத்தைக் கட்டினால் புதியது தன் பாட்டில் சற்று இறங்கும், பழையது இறங்காது. இரண்டும் சேரும் கோட்டில் சுவர் வெடிக்கும். முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் மாரிக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கும் நிலத்தில் இதை இன்னும் மோசமாகக் கண்டிருக்கிறேன். உங்கள் நிலம் அவ்வளவு பொல்லாதது அல்ல என்றாலும் வலியப் போய் வெடிப்பை வாங்குவானேன்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பழைய வீட்டின் பின்சுவரிலிருந்து 12 அடி விட்டு, புதிய அறைகளைக் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் வையுங்கள். இடையில் இருக்கும் அந்த 12 அடிக்குக் கூரை மட்டும் போடுங்கள். அதுதான் உங்கள் மால். பழைய சுவரும் புதிய சுவரும் ஒன்றையொன்று தொடவே தொடாது. புதிய அறைகள் ஒவ்வொன்றுக்கும் தெற்கே ஒரு யன்னல், வடக்கே மாலைப் பார்த்து ஒரு யன்னல். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். மாலின் கிழக்கு மேற்கு வாய்களை இரண்டரை அடி உயரக் குந்துச் சுவரோடு திறந்துவிடுங்கள். மாரியில் வாடையோடு வரும் சாரல் கிழக்கு வாயால்தான் அடிக்கும். அந்த மூன்று மாதத்துக்கு ஓலைத்தட்டி கட்டினால் போதும். அங்கே கம்பிக் கதவும் கண்ணாடியும் போட்டு அடைக்கலாமா என்று மேசன் கேட்பார், மறுத்துவிடுங்கள்.

புது வரிசையின் மேற்கு நுனியில் குளியலறையும் மலசலகூடமும். வெயிலை அந்தச் சுவர் வாங்கட்டும், நனைந்த தரையும் காயும். அதற்கு அடுத்து மாமியின் அறை. அதற்குக் கிழக்கே இன்னோர் அறைக்கான இடம், இப்போது வெறுமையாக. கிழக்குக் கடைசியில், பழைய வீட்டின் கிழக்குச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அடுக்களை.

சாத்திரிக்கு இங்கே மறுமொழி வந்துவிட்டது. அக்கினி மூலை என்பது தென்கிழக்கு. நான் நாள் நட்சத்திரம் பார்க்கிறவன் அல்ல, காற்றுத்தான் பார்க்கிறேன். வன்னியில் வைகாசி தொடங்கிச் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஐப்பசி கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் சோளகத்தில் புகை வடகிழக்கே வளவுக்குப் போகும், வாடையில் தென்மேற்கே பின்காணிக்குப் போகும். எந்தக் காலத்திலும் படுக்கும் அறைக்குள் வராது. உங்கள் வீட்டில் குசினியைத் தென்மேற்கில் வைத்ததால்தான் ஐந்து மாதம் சோளகம் புகையை அப்படியே கூடத்துக்கும் அறைகளுக்கும் ஊதித் தள்ளியது. சாத்திரம் சொன்னவர் காற்றைக் கவனித்துத்தான் சொன்னாரா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த இடத்தை மாற்ற எனக்குக் காரணம் ஒன்றுமில்லை.

அடுக்களை 10 அடிக்கு 12 அடி போதும். விறகடுப்பைக் கிழக்குச் சுவரோரம் வைத்து, கூரைக்கு மேல் இரண்டடி நிற்கும்படி புகைக்கூடு எழுப்புங்கள். எரிவாயு அடுப்புக்கு வேறு மேடை, விறகு நெருப்புக்கு எட்டத்தில். மேடையின் உயரத்தை மேசனின் கைக்கு விடாதீர்கள். நீங்கள் செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்குங்கள், அதற்கு நாலு விரற்கடை கீழே குறி போடுங்கள். அதுதான் உங்கள் மேடை. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 36 அங்குல மேடை கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு தோள் நோகிறது என்றால் எண்ணெய் பூசச் சொல்கிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். அம்மிக்கும் தேங்காய் துருவவும் ஒரு தாழ்ந்த திண்ணை மறக்க வேண்டாம். கழுவும் இடத்தை யன்னலுக்கு நேரே வையுங்கள்.

மாமியின் அறைக்கு வருகிறேன். அறைகளில் இதைத்தான் முதலில் கட்ட வேண்டும். ஏனென்றால் அவர் இங்கே வந்தால் இப்போதுள்ள அறை உங்கள் மகள்மாருக்கு முழுவதும் கிடைக்கிறது. உயர்தரக்காரிக்கு அந்த அறையின் கிழக்கு யன்னலடியில் நாலடி மேசை ஒன்று போதும், எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாமல் வெளிச்சம் இடப்பக்கத்தால் வரட்டும். மேசன் இரண்டு அறை என்றார். ஒன்று கட்டினால் இரண்டு பேரின் குறை தீர்கிறது. மற்ற அறைக்கு அத்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டு விடுங்கள். சின்னவன் வளர்ந்த பிறகு பார்க்கலாம். அதுவரை அவன் மாலில் படுப்பான். பெடியனுக்கு அதைவிட நல்ல அறை கிடையாது.

மாமியின் அறை 10 அடிக்கு 11 அடி. கட்டிலின் ஒரு பக்கத்தையாவது மூன்றடி விட்டு வைக்க வேண்டும், நாளைக்கு யாராவது தாங்கிப் பிடித்து எழுப்ப வேண்டி வந்தால் இரண்டு பேர் நிற்க இடம் வேண்டும். கதவு மூன்றடி அகலம், படி கூடாது. பழைய வீடு, மால், அறை, குளியலறை எல்லாம் ஒரே மட்டம். குளியலறையில் நீர் நிற்க அரை அங்குலத் தாழ்வு போதும். சக்கர நாற்காலி தேவைப்படும் நாள் வரலாம். மாலின் ஒரு வாயிலிருந்து முற்றத்துக்குச் சாய்தளம் விடுவதானால் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அந்த இடத்தில் பூக்கன்று நடாதீர்கள்.

யன்னலைத் தரையிலிருந்து இரண்டடியில் தொடங்குங்கள். எங்கள் மேசன்மாருக்கு யன்னல் என்றால் மூன்றரை அடிக்கு மேலே. அங்கே வீசும் காற்று நிற்பவரின் முகத்தில் படும், படுத்திருப்பவருக்கு மேலால் போய்விடும். நாளில் பாதி படுத்திருக்கும் மனுசிக்கு முற்றமும் வேம்பும் படுத்தபடியே தெரிய வேண்டும். கம்பி அடித்து நுளம்பு வலையும் போட்டால் பயமில்லை. கதவின் அடியில் விரல் போகும் இடைவெளி விடாதீர்கள், மாரியில் பாம்பு வரும்.

குளியலறை அறைக்குள்ளே திறக்க வேண்டுமா, மாலில் திறக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் கதவு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்ளே போனவர் ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு வெளியேறும்போது திறக்க மறப்பார். பிறகு இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். ஒரு கதவுதான் என் தீர்ப்பு. மாலில், மாமியின் வாசலுக்குப் பக்கத்தில், அவர் சுவரைப் பிடித்தபடி நாலடி வைத்தால் எட்டும்படி. சுவரில் கைபிடிக் கம்பி இரண்டு: கொமோட்டின் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. துவாய் போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது, அதைக் காட்டி ஏமாற்ற விடாதீர்கள். பழைய மலசலகூடத்தை இடிக்க வேண்டாம், வயலால் வருகிறவர்களுக்கு அது போதும்.

நெல்லுக்கு இப்போதுள்ள குசினியைக் கொடுத்துவிடுங்கள். மேற்கு வெயில் படும் மூலை, உலர்ந்து இருக்கும். பின்கதவு மாலுக்குத் திறப்பதால் மூட்டை கூடத்துக்குள்ளால் வரத் தேவையில்லை. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் முட்டவிடாமல் பலகைத்தட்டு அடித்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். விதை நெல்லை மட்டும் அங்கே வைக்காதீர்கள், சூட்டில் முளைப்பு குறையும். அது கூடத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கட்டும். யானை வரும் ஊர் என்பதால் இன்னொரு சொல்: நெல் மணத்துக்குச் சுவரை இடிக்கும் யானை அறையின் பெயரைப் பார்த்து இடிப்பதில்லை. அறுவடை முடிந்து மூட்டை நிறைந்திருக்கும் மாதங்களில் அந்த மூலைச் சுவரோரம் யாரையும் படுக்கவிட வேண்டாம்.

மேற்குச் சுவரின் வெளியே எட்டடிக்கு ஒரு பத்தி, அதாவது சாய்ந்த கூரை, இறக்குங்கள். லான்ட்மாஸ்டர் உழவு மெசினும் சைக்கிளும் அங்கே நிற்கும், கூடத்துச் சுவருக்குப் பின்னேர வெயில் படாது. மொத்த வேலையில் இதுதான் மலிவானது. வீட்டுக்குள் முதலில் தெரியப்போகும் மாற்றமும் இதுவாகத்தான் இருக்கும்.

கூரையைப் பற்றி ஒரு பழைய கதை சொல்லவேண்டும். இளவயதில் வவுனியாவில் நான் படம் கீறிய வீடொன்றில் பழைய கூரையும் புதிய கூரையும் நடுவில் சந்திக்க, இடையில் மழைநீர் ஓடப் பீலி வைத்தேன். கடதாசியில் நன்றாகத்தான் இருந்தது. முதல் மாரியிலேயே வேப்பஞ்சருகு பீலியை அடைத்து, வீட்டுக்காரர் கூடத்துக்குள் குடை பிடித்தார். அவர் என்னை ஏசவில்லை, தேத்தண்ணி தந்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்கள் பழைய வீட்டின் பின்சுவர் முக்கோணச் சுவராக இருக்கிறது. கூரை நீர் கிழக்கும் மேற்குமாக விழுகிறது, பின்னால் வராது. அது நல்ல வசதி. மாலின் கூரையையும் புதிய அறைகளின் கூரையையும் தெற்கே, வளவுப் பக்கம் சாய்த்துவிடுங்கள். எந்த நீரும் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இறங்கக்கூடாது. குரங்குகள் ஓட்டைப் புரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே புதியதற்கு நிறப்பூச்சுத் தகரம் போடலாம். ஆனால் அறைக்குள் கட்டாயம் உட்கூரை வேண்டும். உட்கூரைக்கும் தகரத்துக்கும் நடுவில் சேரும் சூடு வெளியேறச் சுவரின் உச்சியில் வலையடித்த ஓட்டைகள் விடுங்கள். மேற்பக்கம் வெள்ளை அல்லது மிக வெளிர் நிறம். கருஞ்சிவப்புத் தகரம் அழகாக இருக்கும், அடுப்பு மாதிரியும் இருக்கும்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் முற்றத்தில் எவ்வளவு ஏறியது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வீட்டின் தரை நனையவில்லை என்றால் அதே மட்டம் போதும். நனைந்திருந்தால் மாமிக்காகச் சொன்ன ஒரே மட்டக் கதையை மீண்டும் யோசிக்க வேண்டும், எனக்கு எழுதுங்கள்.

இனிக் காசு. 20 இலட்சத்தில் எவ்வளவு முடியும் என்று நான் சொல்லமாட்டேன். சீமெந்து விலை ஒரே மாதிரி நிற்பதில்லை. ஒழுங்கை மட்டும் சொல்கிறேன். பெரும்போக அறுவடை முடிந்ததும் தொடங்கி, மாமியின் அறை, குளியலறை, மாலின் தூணும் கூரையும் ஐப்பசி மழைக்கு முன் முடியட்டும். பிறகு அடுக்களை. மாலின் தரைக்கு ஓடு பதிப்பது, கூடத்துக்குச் சோபா வாங்குவது எல்லாம் கடைசி. குளிரூட்டிக்கு இப்போது வேண்டியது சுவருக்குள் ஒரு பைப் மட்டும். அண்ணாவின் படத்திலிருந்த தொங்கும் விளக்கை வேண்டுமானால் மாலின் நடுவில் மாட்டுங்கள், அவருக்கும் சந்தோசமாக இருக்கும்.

பிரதேச சபையின் கட்டட அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம். காணி, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால், நாளைக்கு மகள்மாருக்குப் பிரித்துக் கொடுப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதியும் வேண்டும். அதை இப்போதே விசாரித்து வையுங்கள். வளவின் கிழக்கு அரைப் பங்கில் அடுக்களைக்கு அப்பால் ஒன்றும் கட்டாமல் விடச் சொல்வதும் அதற்காகத்தான். அங்கே ஒரு நாள் மூத்தவளுக்கு ஒரு வீடு எழும்பலாம். கிணறு இரண்டு வீட்டுக்கும் எட்டும்.

மேசன் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், சாம்பலால் நிலத்தில் எல்லா அறைகளையும் உள்ளபடி அளந்து கோடு போடுங்கள். கட்டில், அலுமாரி இருக்கும் இடத்தில் பாயை விரியுங்கள். மாமியைக் கைத்தடியோடு அறையிலிருந்து குளியலறை வரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் கோட்டை அழித்து மாற்றலாம், செலவில்லை. அப்படியே புதிய மலக்குழி வரப்போகும் இடத்திலிருந்து உங்கள் கிணற்றுக்கும், வேலிக்கு அப்பால் மேற்குப் பக்கத்து வீட்டாரின் கிணற்றுக்கும் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். குறைந்தது 50 அடி இருக்க வேண்டும், நிலம் மணல் பாங்கு என்றால் இன்னும் கூட. உங்கள் கிணறு தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிணறுதான் படத்தில் இல்லை.